பாட்டன் பெயர் எந்தப் பதிவேட்டில்?

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை எழுத்து ஆதாரத்தோடு தேடுபவர் முதலில் படியேற வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். மேல்நாடுகளில் இந்தத் தேடல் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கும். அமெரிக்காவில் கணக்கெடுப்பு நடந்து 72 ஆண்டு ஆனதும் வீடுவாரிப் படிவங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1950-ஆம் ஆண்டின் படிவங்கள் 2022-இல் வெளிவந்தன. பிரிட்டனில் 100 ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்தியாவில் அந்த வழியே கிடையாது. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனி வீட்டின் படிவத்தை யாரும் பார்வையிட முடியாது. ஊருக்கு இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற தொகைதான் வெளியே வரும். வழிவழியாகத் தொடரும் குடும்பப் பெயரும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து மகனோடு நின்றுவிடுகிறது, பேரனுக்கு வேறு எழுத்து வந்துவிடுகிறது. ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு போவதைவிட நிலத்தைப் பிடித்துக்கொண்டு போவதே இங்கே பலன் தரும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அது கைமாறும்போதெல்லாம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த உறவின் வழியாகப் போனது என்பதை ஒருவர் எழுதிவைத்திருப்பார்.

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பாதி வேலை இருக்கிறது. மூத்தவர்களிடம் சொந்த ஊர், குலதெய்வம், பங்காளி வீடுகள், நிலம் இருந்த இடத்தின் வழக்குப் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மேலக்காடு, கோயில் வயல் என்று பாட்டி சொல்லும் பெயர் பத்திரத்தில் அப்படியே வரும். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் தீர்வை ரசீது, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் தள்ளிவிடக் கூடாது. குறிப்பாக மொய் நோட்டு. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் ஊர் பெயரோடு ஒவ்வொருவரையும் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். தொடர்பு விட்டுப்போன சொந்தங்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்று அறிய அதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது.

பத்திரப் பதிவை ஒழுங்கான அரசு நடைமுறையாக ஆக்கியது 1864-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று நடப்பில் உள்ளது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது அது. அப்படிப் பதிவான பத்திரம் ஒவ்வொன்றின் நகலும் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் ஏறும். உயில்களுக்கு மூன்றாம் புத்தகம். பொதுமக்களில் பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு: முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயிலின் நகல் மட்டும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்குக் கிடைக்காது. அட்டவணைகளில் ஒன்று ஆள் பெயர்வாரியாகவும் மற்றொன்று சொத்துவாரியாகவும் இருக்கும். சர்வே எண் தெரிந்தால், அந்தச் சொத்தின் மேலுள்ள பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். அண்மைச் சில பத்தாண்டுகளின் வில்லங்கம் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. மிகப் பழையவற்றுக்கு மனுக் கொடுத்துக் கையால் தேட வேண்டும். ஒரு பத்திரம் கையில் கிடைத்துவிட்டால் அதற்குள்ளேயே அதன் தாய்ப்பத்திரத்தின் ஆண்டும் எண்ணும் இருக்கும். அந்தத் தாய்ப்பத்திரத்தில் அதற்கு முந்தையது. இப்படியே பின்னோக்கிப் போகலாம்.

1920-களில் எழுதப்பட்ட ஒரு சாதாரணக் கிரயப் பத்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், வம்சாவளி தேடுபவருக்கு அதில் எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கும். முதலில் ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு வாங்குபவர் இன்னாரின் குமாரர், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம். விற்பவருக்கும் அதே விவரம். அவருடைய மைனர் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பெயரும் வரும். வீட்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர் என்று இருப்பவருக்கு 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதியிருப்பார்கள். சொத்து பிதுரார்ஜிதமா சுயார்ஜிதமா, அதாவது தகப்பன் வழி வந்ததா தானே சம்பாதித்ததா என்ற குறிப்பு அடுத்து. எதற்காக விற்கிறார் என்பதும் பல பத்திரங்களில் உண்டு: மகள் கல்யாணக் கடன், தகப்பனார் உத்தரகிரியைச் செலவு, சர்க்கார் தீர்வை பாக்கி. கடைசியாக நான்கெல்லை. கிழக்கே இன்னார் நிலம், வடக்கே வாய்க்கால் என்று எழுதும் அந்த நாலு வரியை எல்லாரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். பூர்வீக நிலம் பங்கு பிரிந்து கிடக்கும் ஊரில், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பெயர்கள் பெரும்பாலும் சித்தப்பன், பெரியப்பன் மக்களுடையவை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைத்திருப்பார். ரேகைகளுக்கென்றே தனிப் பதிவேடு ஒன்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் உண்டு. புகைப்படமே எடுத்துக்கொள்ளாத ஒரு கொள்ளுத்தாத்தா தன் உடலின் அடையாளமாக விட்டுப்போனது அந்த மை ரேகை மட்டுமாக இருக்கலாம்.

பத்திர வகைகளில் தேடுபவருக்கு மிகவும் பயன்படுவது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், இறந்துபோன சகோதரனின் பிள்ளைகளும் ஒரே தாளில் நிற்பார்கள். ஆனால் பெண்களை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். பழைய பத்திரங்களில் பெண், இன்னார் பாரியாளாகவோ மைனர் பிள்ளையின் கார்டியனான தாயாகவோ வருவாள். பிறந்த வீட்டு வம்சத்தில் அவள் பெயரைப் பல குடும்பங்கள் எழுதவே இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பாத்தியம் என்று ஆன பிறகு, அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் பெருகியது. அந்த ஏற்பாட்டின் நியாயம் கேள்விக்குரியது. என்றாலும் அதனால்தான் அத்தைமார்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, கணவர் பெயர், வாக்கப்பட்ட ஊர் எல்லாம் பதிவேட்டில் ஏறின. தாய்வழியைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது விடுதலைப் பத்திரங்களைத்தான். தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் மகளையும் பூர்வீகச் சொத்தில் பங்குதாரர் ஆக்கியபின் பெண்களின் பெயர்கள் பத்திரங்களில் இன்னும் கூடின.

பழைய தாள்களைப் படிக்கும்போது தேதியில் வழுக்கி விழாமல் இருக்க வேண்டும். வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1335 என்றால் 1925 ஜூலை முதல் 1926 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புகிறது. குரோதன ஆண்டு 1865-66, 1925-26, 1985-86 மூன்றிலும் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்ததால் அங்கே பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டும் மலையாளமும் கலந்து வரும். பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி என்று பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அது மூதாதையை ஊகிக்க உதவும். இரண்டு பேரை ஒருவராக எண்ணிக் குழம்பவும் வைக்கும். வயதையும் நான்கெல்லையையும் ஒப்பிட்டுத்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

பத்திரத்துக்கு அடுத்தது வருவாய்த் துறை. இன்றைய பட்டாவுக்கும் அ-பதிவேட்டுக்கும் பின்னால், 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கிராமங்களில் அதை யுடிஆர் என்பார்கள். அதற்கு முந்தியது செட்டில்மென்ட் பதிவேடு. அரசு குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளில் ஏறத்தாழ 30 ஆண்டுக்கு ஒருமுறை தீர்வையை மறுபடி நிர்ணயித்தபோது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே பட்டாதாரர் பெயர் எழுதப்பட்டது. ஜமீன் கிராமங்களில் இது பொருந்தாது. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற சீமைகளில் குடியானவனின் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான் இருந்தது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் செட்டில்மென்ட் அங்கே நடந்தது. ஊர்க் கணக்கை எழுதியவர்கள் பரம்பரைக் கர்ணங்கள். 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை அரசு ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. கர்ணம் வீட்டுப் பரணிலிருந்த கணக்குகள் எல்லாமே தாலுகா கச்சேரிக்கு வந்து சேர்ந்ததாக எண்ணிக்கொள்ள முடியாது.

வருவாய் ஆவணங்களில் வம்சாவளிக்கு மிகவும் வளமானது இனாம் பதிவேடு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், வரியில்லாமலோ குறைந்த வரியிலோ நிலம் அனுபவித்து வந்தவர்களிடம் அந்த உரிமை எப்படி வந்தது என்று ஊர் ஊராக விசாரித்தது. முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு, அவர் வயது என்ன என்பதெல்லாம் அதில் பதிவாகின. கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் விட்ட மானியங்களோடு, ஊர் ஊழியம் செய்தவர்களின் சிறு மானியங்களும் அதில் உண்டு. கோயில் பணியிலிருந்த தேவரடியார் குடும்பங்களின் மானியங்களில் உரிமை தாயிலிருந்து மகளுக்குப் போனதால், தமிழகத்துப் பதிவேடுகளில் பெண்வழி வம்சாவளி தெளிவாகக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. இந்தப் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். 1909-இல் அமைந்த அந்த நிறுவனத்தில் 1670 முதலான கம்பெனி ஆவணங்கள் இருக்கின்றன.

பிறப்பு இறப்புப் பதிவேடு எளிமையானதாகத் தோன்றும். நடைமுறையில் அவ்வளவாகக் கைகொடுக்காது. சென்னை மாகாணத்தில் இதற்கென 1899-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் பெயர் வைக்கும் முன்பே குழந்தையைப் பதிந்துவிடுவதால் பெரும்பாலான வரிகளில் தகப்பன் பெயரும் 'ஆண்' அல்லது 'பெண்' என்பதும் மட்டுமே இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் உண்டு, பிறந்த தேதியை நம்ப முடியாது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று வைத்து, பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஏற்ப வாத்தியார் எழுதிய தேதி அது.

கிறித்தவக் குடும்பங்களின் நிலை வேறு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் கோயில் பதிவேட்டில் எழுதுவது கட்டாயம் என்பதால், நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கும் அங்கே வரலாறு உண்டு. 1706-இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் லுத்தரன் சபை, திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்த சபைகள், நாகர்கோவில் பக்கத்து லண்டன் மிஷன் சபைகள் ஆகியவற்றின் வழிவந்தவர்கள் நாலைந்து தலைமுறைக்கு மேலும் எழுத்து ஆதாரத்தோடு போக முடியும். இயேசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் காக்கப்படுகின்றன. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தங்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கும் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் நகராட்சியில் பதியும் முறை அங்கே வேரூன்றிவிட்டது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் நிரந்தரமான குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள்.

இதுவரை சொன்ன ஆவணங்களில் பெரும்பகுதி, நிலம் உள்ளவர்களைப் பற்றியது. தீர்வை வாங்க எழுதிய கணக்கில், தீர்வை கட்ட ஏதும் இல்லாதவர் பெயர் வராது. தலைமுறை தலைமுறையாக அந்த வயல்களில் உழைத்த பண்ணையாட்களின் குடும்பங்கள் இந்தப் பதிவேடுகளில் காணாமல் போனது தற்செயல் அன்று. நிலம் வைத்துக்கொள்ள அவர்களை விடாததன் விளைவு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையால், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கும் வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது இதுதான். வருவாய்ப் பதிவேட்டில் டி.சி. நிலம் என்று குறித்திருப்பார்கள். ஒப்படை பெற்றவர் பெயரோடு உள்ள அந்தப் பதிவு, பல தலித் குடும்பங்களுக்கு அரசு ஆவணத்தில் கிடைக்கும் முதல் மூதாதையின் பெயர். அந்த நிலங்கள் பிறகு எப்படிக் கைமாறின என்பதையும் அதே பதிவேடுகள் காட்டிக்கொடுப்பதால், இந்தத் தேடல் பல ஊர்களில் நிலமீட்பு வழக்காகவும் ஆகியிருக்கிறது.

நிலமற்றவர்கள் நுணுக்கமாகப் பதிவான இன்னோர் இடம் துறைமுகம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தால் போதும்: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம். சொந்த ஊரில் அந்த ஆளைப் பற்றி ஒரு தாளும் இருந்திருக்காது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அந்த அடையாளங்கள், இன்று அவருடைய எள்ளுப் பேரனுக்கு ஊரைக் காட்டுகின்றன. மொரீஷியஸுக்கு 1834 முதல் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். அவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. மொரீஷியஸில் ஏழாம் தலைமுறை வரையிலான இந்திய வம்சாவளியினருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வழங்கப்படும் என்று 2024-இல் இந்தியா அறிவித்ததால், அந்தப் பதிவேடுகளுக்கு இப்போது சட்டப் பெறுமதியும் வந்திருக்கிறது. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றியது 1903 முதல் 1916 வரை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது.

சீட்டில் உள்ள ஊரை இன்றைய வரைபடத்தில் கண்டுபிடிப்பதுதான் கடினம். காதில் விழுந்த தமிழ்ப் பெயரைக் குமாஸ்தா தன் போக்கில் ஆங்கில எழுத்தில் எழுதினார். ஆகவே அந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்து, எந்தத் தமிழ் ஊர்ப்பெயர் அப்படி ஒலிக்கும் என்று பார்க்க வேண்டும். வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற ஜில்லாக்கள் இன்று இல்லை. பழைய சில ஜில்லாக்களிலிருந்து இன்று 38 மாவட்டங்கள் பிரிந்திருக்கின்றன. அந்தக் கால ஜில்லா கையேட்டையும் தாலுகா வரைபடத்தையும் வைத்துக்கொண்டுதான் கிராமத்தை அடையாளம் காண முடியும். ஊர் தெரிந்தபின் அங்கே விசாரிக்க வேண்டியது குலதெய்வக் கோயிலை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில் பங்காளி வீடுகள் அத்தனையும் வரிசையாக இருக்கும். நகரத்தார் சமூகத்தில் இந்த முறை இன்னும் இறுக்கமானது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றின் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறுவார்கள்.

தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர்களுக்குப் பிறப்பு ஆவணங்கள் இல்லாமல் போனது வாழ்வையே குலைத்தது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அந்த நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தகப்பன்வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1,50,000 பேரின் நிலை பிறகு முடிவு செய்ய ஒத்திவைக்கப்பட்டது. மண்டபம் முகாம் வழியாகத் திரும்பிய குடும்பங்களில் பல, பூர்வீக ஊருக்குப் போகாமல் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் தேட வேண்டிய வரிசை பதிவுப் பத்திரத்தில் தொடங்காது. தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கையில் இருந்த தோட்டத்தின் செக்ரோல் என்ற வேலையாள் பேரேடு, ஆள் சேர்த்த கங்காணியின் சொந்த ஊர் என்று போக வேண்டும். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஆள் திரட்டியதால், அவருடைய ஊர் தெரிந்தால் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துத் தாலுகா ஒன்றில் தேடலைத் தொடங்க இடம் கிடைத்துவிடும்.